மேடேறி வந்த குரல்கள்

போன வாரம் என் கணவர் பஸ் பிடித்து மேல்கோட்டைக்குப் போயிருந்தார். மலை உச்சியில் நின்றுகொண்டு போன் செய்தார். புளியோதரைப் பொடி கால் கிலோ போதுமா, அரைக் கிலோ வாங்கட்டுமா என்று கேட்டாராம். எனக்குக் கேட்டது காற்று மட்டும்தான். போனின் வாயில் புகுந்து, கொடியில் காயும் ஈரப் போர்வையை யாரோ உதறுவதுபோல் படபடத்து, அடங்கி, மறுபடி உதறியது. நான் அடுப்பைத் தணித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஹலோ? கேக்குதா? காலா, அரையா?"

"கேக்குது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே நில்லுங்க."

"எதுக்கு?"

எதுக்கு என்று போனில் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் என் பழைய அலுவலகத்தில் இந்த மாதம்தான் ஹெட்போன் மாட்டியிருக்கிறீர்கள். என் நாற்காலியில் உங்களில் யார் உட்கார்ந்திருக்கிறீர்களோ தெரியாது. அதன் இடது கைப்பிடி ஆடும், சாய்ந்துவிடாதீர்கள். ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றேன் என்றால் மைசூர் விஜயநகரில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு ஓய்வு கொடுத்தது வயது அல்ல, வலது காது. பதினோரு வருடம் பிறர் குரல்களைக் கேட்டுக் கேட்டு அதற்குள் ஒரு விசில் குடிவந்துவிட்டது. டாக்டர் போதும் என்றார். மற்றபடி எனக்குப் போதும் என்று தோன்றியதே இல்லை. இன்றும் பஸ்ஸில் முன் இருக்கையில் யாராவது போன் பேசினால், அது கெஞ்சலா, மிரட்டலா, சும்மா பொழுதுபோக்கா என்று மனசு லேபிள் ஒட்டிக்கொண்டே வரும்.

நம் வேலையை வெளியே சொன்னால் லேசில் விளங்காது. குரலைக் கேட்டுப் பெயர் வைக்கிறோம். இது கோபம், இது அழுகை, இது வெறும் இருமல். நாம் வைத்த பெயர்களைத் தின்று தின்றுதான் இயந்திரத்துக்குக் காது முளைக்கிறது. எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதையெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அழுத்தும் முன்னால் விரல் ஏன் தயங்குகிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். நானும் ஒரு காலத்தில் கேட்காமல் இருந்தவள்தான்.

அப்போது எங்களுக்கு வந்திருந்தது ஒரு மருத்துவ உதவி எண் வேலை. காவிரியை ஒட்டி, கர்நாடகத்து ஹனூர் தாலுகாவின் காட்டோரத்தில் தமிழ் பேசுகிற சின்னச் சின்ன ஊர்கள் இருக்கின்றன. கோபிநத்தம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தப் பக்கம். உடம்புக்கு முடியாதவர்கள் அந்த எண்ணைக் கூப்பிட்டால் ஒரு நர்ஸ் எடுப்பார். எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். ஒரே சிஸ்டர், ஒரே வண்டி. ஒரே நேரத்தில் ஐந்தாறு பேர் கூப்பிட்டால் யாரை முதலில் எடுப்பது? அதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு மென்பொருள் நிறுவனம் முன்வந்தது. இனிமேல் கூப்பிடுகிறவர் தன் கஷ்டத்தை முதலில் இயந்திரத்திடம் சொல்வார். அது கேட்டு, வரிசை போடும். சிவப்பு என்றால் உடனே சிஸ்டர். மஞ்சள் என்றால் காத்திருக்கலாம். பச்சை என்றால் சிஸ்டரிடமே போகாது, மறுநாள் ஒரு ஆலோசனைக் குறுஞ்செய்தி போகும்.

அந்த இயந்திரத்துக்குப் பாடம் சொல்வது எங்கள் வேலை. பழைய அழைப்புகளைக் கேட்டு நிறம் போட வேண்டும். எல்லாம் பேசியவர்களிடம் அனுமதி வாங்கிய பதிவுகள், பெயரும் ஊரும் வெட்டி எடுத்தவை. ஒவ்வொரு பதிவையும் மூன்று பேர் தனித்தனியாகக் கேட்பார்கள். இரண்டு பேர் ஒரே நிறம் போட்டால் அதுவே விடை. மாறிப் போட்ட மூன்றாமவருக்கு ஒரு பிழைப்புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் எச்சரிக்கை, மேலும் சேர்ந்தால் வேலையிலிருந்து நீக்கம்.

இந்த விதியை எழுதியது நான். தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாளர் நான்தான். அதற்கு முந்தின வேலையில், துணிக்கடைக்குப் போன் செய்து திட்டுகிறவர்களின் குரல்களுக்கு லேபிள் போட்டோம். அங்கே இந்த விதி அருமையாக வேலை செய்தது. புடவைச் சாயம் போய்விட்டது என்று ஒருத்தி கத்தினால் அந்தக் கோபம் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி கேட்கும். அதே விதியைப் புது வேலைக்கும் அப்படியே எடுத்து வந்தேன். பழைய வீட்டுச் சாவி புது வீட்டுக் கதவில் நுழைந்துவிட்டது. திரும்பவும் செய்தது. சரியான சாவிதான் என்று நம்பிவிட்டேன்.

ஆறு பேர் கேட்டார்கள். ஐந்து பேர் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். ஆறாவது மாதம்மா. வயது நாற்பது இருக்கும். சொந்த ஊர் கோபிநத்தம் தாண்டி ஒரு சிற்றூர். கணவர் கட்டட வேலைக்கு மைசூர் வந்தபோது கூடவே வந்தவர். கார்மெண்ட்ஸில் காலர் தைத்துக்கொண்டிருந்தார், மணிக்கட்டு வலி வந்து நின்றுவிட்டார். அந்தப் பக்கத் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் எடுத்தோம். உண்மையைச் சொல்கிறேன், பெயருக்கு ஒருவர் என்றுதான் எடுத்தோம்.

முதல் வாரத்திலிருந்தே மாதம்மா பெயருக்குப் பக்கத்தில் புள்ளிகள் ஏறின. புள்ளி கூடியவர் பெயர் எங்கள் திரையில் சிவப்பாகும், நின்றுவிட்டால் பச்சையாகும். இரண்டு பேர் மஞ்சள் என்றால் அவர் சிவப்பு. இரண்டு பேர் பச்சை என்றாலும் அவர் சிவப்பு. பக்கத்து நாற்காலி கிரண், இருபத்து நாலு வயசு. வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், கனவும் கன்னடத்தில்தான் வரும் என்பான். அவன் மாதம்மாவைச் சீண்டாத நாள் கிடையாது.

"யாக்கே, ஏன் அக்கா, உங்களுக்கு எல்லாமே எமர்ஜென்சியா? யாராச்சும் தும்மினாக்கூட ஆம்புலன்ஸ் அனுப்பிடுவீங்க போல!"

"தும்முறதுக்கெல்லாம் எவனும் மேடேற மாட்டான் தம்பி" என்றார் மாதம்மா, ஹெட்போனைக் கழற்றாமலே.

கிரண் சிரித்தான். நானும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன், சிரித்தேன். ஏதோ ஊர்ப் பேச்சு என்று நினைத்தேன். காதால் பிழைக்கிற ஏழு பேர் இருந்த அறையில் அந்த வாக்கியம் யார் காதிலும் விழாமல் போனது.

பிறகு எச்சரிக்கை கொடுக்கும் நாள் வந்தது. என் மேஜைக்குக் கூப்பிட்டேன்.

"மாதம்மா, உங்களுக்குப் புள்ளி ஜாஸ்தி ஆயிடுச்சு."

"ஆமாங்க மேடம், பாத்தேனுங்க. என்ற பேரெல்லாம் ஒரே சேப்பா இருக்குது."

"எல்லாத்துக்கும் சிவப்பு போட்டா மெஷினுக்கு எது நிஜமான சிவப்புன்னு தெரியாது இல்லையா?"

"எல்லாத்துக்கும் போடலீங்களே. ஒரு சிலதுக்குத்தானுங்க."

"மத்த ரெண்டு பேருக்கும் கேக்காதது உங்களுக்கு மட்டும் எப்படிங்க கேக்குது?"

மாதம்மா நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்ல வாயெடுத்தார் என்று இப்போது நினைத்தால் தெரிகிறது. அப்போது நான் திரையின் பக்கம் திரும்பியிருந்தேன். அந்தக் கேள்வியை நான் பதிலுக்காகக் கேட்கவில்லை, அதட்டலாகக் கேட்டேன். "கொஞ்சம் மத்தவங்களோட ஒத்துப் போகப் பாருங்க" என்று சேர்த்துக்கொண்டேன்.

"சரிங்க மேடம்."

மூன்று வாரத்தில் மாதம்மா தேறிவிட்டார். புள்ளிகள் நின்றன. அவர் பெயர் பச்சையானது. மேலாளர் என்னைப் பாராட்டினார், நான் எல்லாருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். கிரண், "அக்கா பாஸ்!" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டினான். மாதம்மா காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அன்று எனக்கு ஏதோ அரித்தது. மனிதக் காது மூன்று வாரத்தில் மாறுமா? நாக்கு மாறும், நடை மாறும். காது? எனக்கு விளங்காத ஒன்று கையில் கிடைத்தால் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, எடுக்கிறவரை வேறு எதிலும் நிலைகொள்ளாது. மாதம்மா கேட்ட பதிவுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். யார் எந்தப் பதிவை எத்தனை முறை ஓட்டினார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று கணினி குறித்து வைக்கும்.

முன்பு, அவர் சிவப்பு போட்டுப் புள்ளி வாங்கிய நாட்களில், ஒவ்வொரு பதிவையும் மூன்று நாலு முறை ஓட்டியிருக்கிறார். அதிலும் ஒரே இடத்தை. பேச்சு ஆரம்பிப்பதற்கு முந்திய இரண்டு நொடி. குரலே இல்லாத இடம். இப்போதோ, பதிவு முடிவதற்கு முன்னாலேயே நிறம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்.

குரல் இல்லாத இடத்தில் அப்படி என்ன கேட்டார்? ஜன்னல்களை மூடினேன். எங்கள் மாடியில் ஜன்னலைத் திறந்தால் சாமுண்டி மலை தெரியும் என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டார்கள், திறந்தால் ஹார்ன்தான் வரும். ஹெட்போனை மாட்டி அந்த இரண்டு நொடிகளை வரிசையாக ஓட்டினேன். மாதம்மாவும் மற்றவர்களும் ஒத்துப்போன பதிவுகளில் மிக்ஸி ஓடியது, சீரியல் பாட்டு, சேவல், குழந்தை, யாரோ பாத்திரம் போடும் சத்தம். மாதம்மா தனியாக நின்ற பதிவுகளில் எதுவுமே இல்லை. காற்று. ஒன்றில் காற்று, அடுத்ததில் காற்று, அதற்கடுத்ததிலும் ஈரப் போர்வையை உதறும் அதே காற்று. அதற்குப் பிறகு ஒரு நிதானமான குரல். "வணக்கமுங்க. நம்ம மாமனுக்குக் காலையில இருந்து அசதியா இருக்குதுங்க. கஞ்சி குடிக்கல. எந்திரிக்க மாட்டீங்கறாரு. வேற ஒண்ணுமில்லீங்க." கிரண் பச்சை போட்டிருந்தான். இன்னொருத்தி பச்சை. மாதம்மா சிவப்பு.

நானாக இருந்தாலும் பச்சைதான் போட்டிருப்பேன்.

இது வியாழக்கிழமை பிற்பகல். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு எல்லா லேபிள்களையும் ஒப்படைக்க வேண்டும். திங்கட்கிழமை அந்த ஊர்களின் நிஜ அழைப்புகளுக்கு இயந்திரம் வரிசை போட ஆரம்பிக்கும். மாதம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இதுல என்ன இருக்கு மாதம்மா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இப்ப என்ற மார்க்கு நல்லாத்தானுங்களே இருக்குது?"

"மார்க்கை விடுங்க. எனக்குத் தெரியல. தெரியாமக் கேக்கறேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை நான் திரும்பவில்லை.

"எங்கூர்ல போனு எடுக்காதுங்க மேடம். ஊருக்கு மேக்க ஒரு பாறை மேடு இருக்குது. அங்க ஏறுனாத்தான் ரெண்டு கோடு காட்டும். அரை மணி நடைங்க. வழியில யானை நிக்குதான்னு பாத்துப் பாத்துப் போவோணும். சளி, காச்சலுக்கெல்லாம் எவன் ஏறுவான்? ஆளு கெடையாக் கெடந்தாத்தான் ஏறுவாங்க. ஏறி முடிக்கறதுக்குள்ள அழுவறதெல்லாம் அழுது தீந்துருமுங்க. மேல போயி மூச்சு வாங்குனது நின்னப்பறந்தான் நம்பரையே போடுவாங்க. எரைக்க எரைக்கப் பேசுனா பாதியில கட்டாயிருமில்லீங்களா? அதான் அப்படி நெதானமா இருக்குது."

எங்கள் வழிகாட்டுக் குறிப்பில் சிவப்புக்கு முதல் அடையாளமாக நான் எழுதியிருந்தது: குரலில் பதற்றம், மூச்சிரைப்பு, அழுகை.

"இதை முதல்லயே ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்க. அப்பறம் கம்ப்யூட்டரப் பாத்துட்டீங்க."

"சரி. இப்ப மூணு வாரமா எப்படிப் போடறீங்க?"

"கேக்கறத விட்டுட்டேனுங்க" என்றார், தரையைப் பார்த்தபடி. "கிரண் தம்பி என்ன போடும்னு நெனச்சுப் போடறேன். பக்கத்துலயே உக்காந்திருக்கனில்லீங்க. எந்தக் கொரலுக்குத் தம்பி மஞ்ச போடும், எதுக்குப் பச்ச போடும்னு எல்லாம் எனக்கு அத்துப்படி."

கிரண் ஹெட்போனைக் கழற்றியே விட்டான். "என்னைப் பாத்தா போட்டீங்க? அக்கா, எனக்கே அந்தத் தமிழ் பாதிதான் புரியும்! நீங்க இருக்கீங்களே, நான் தப்பாப் போட்டாலும் மூணு பேர்ல சரியாயிடும்னு தைரியமாப் போட்டுட்டு இருந்தேன்."

எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீராத இடம் இது. எங்கள் இயந்திரம் என்ன செய்யப் போகிறதோ அதை மாதம்மா எங்களுக்கு முன்னாலேயே செய்துகாட்டிவிட்டார். பெரும்பான்மை என்ன சொல்லும் என்று ஊகித்து, அதையே சொல்லி, நல்ல மதிப்பெண் வாங்கி. அவர் இயந்திரத்துக்குக் காது கொடுக்க வந்தவர். நான் அவர் காதைப் பிடுங்கிக்கொண்டு பச்சை நிறம் கொடுத்தேன். இயந்திரம் கெட்டது செய்யுமா, நல்லது செய்யுமா என்று பெரிய மேடைகளில் பேசுகிறார்கள். பேசட்டும், பேச வேண்டியதுதான். எங்கள் அறையில் அந்தக் கேள்வி ஒரு ஸ்டூல் உயரத்தில் இருந்தது. உட்கார்ந்தால்தான் கண்ணில் பட்டது.

கிரண் விடவில்லை. நல்ல பையன், சந்தேகம் வந்தால் விடமாட்டான். "மேடம், ஒரு டவுட். நாளைக்கு அந்த ஊர்ல டவர் வந்துட்டா? எல்லாரும் வீட்ல இருந்தே பேசுவாங்க. காத்து இருக்காது. அப்ப இது எல்லாம் சும்னே, வீணாப் போயிடும் அல்லவா?"

"டவரு வந்தா என்னையத் திரும்பக் கூப்புடுங்க தம்பி. அப்ப வேற சொல்றேன்" என்றார் மாதம்மா.

காற்றை நம்பலாமா என்று எனக்கும் கேள்வி இருந்தது. ஒருவர் நம்பிக்கையோடு சொல்வதால் அது உண்மையாகிவிடாது. உதவி எண்ணில் இருக்கும் சிஸ்டருக்கே போன் போட்டேன். மாதம்மா தனியாகச் சிவப்பு போட்ட ஏழு பதிவுகளின் எண்களைச் சொல்லி, அவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கணினியில் அது இல்லை, தன் நோட்டில் இருக்கிறது என்றார். தாள் புரளும் சத்தம் கேட்டது.

"அந்த மாமன் கேஸா? சர்க்கரை ரொம்ப இறங்கிப் போச்சும்மா. வண்டி போறப்பவே பேச்சில்ல. பொழச்சுட்டாரு. அடுத்தது பிரசவம், ஆமா, அதுவும் அவசரந்தான்."

ஏழில் ஐந்து, ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்ற வகை. மீதி இரண்டில் ஒருவர் மகளிடம் பேச மேடேறியவர், வந்ததுதான் வந்தோம் என்று முழங்கால் வலியையும் சொல்லி வைத்திருக்கிறார். இன்னொருவர் ஆடு மேய்த்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறார். இதை மாதம்மாவிடம் சொன்னபோது, "ஆடு மேய்க்கறவன மறந்துட்டேனுங்க" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"சிஸ்டர், உங்களுக்கு எப்படித் தெரியும், எது அவசரம்னு?" என்று கேட்டேன்.

"அந்த ஊருங்க நம்பர்ல இருந்து போன் வந்தாலே நான் டிரைவரை எழுப்பிடுவேன். அப்புறந்தான் என்ன விஷயம்னே கேப்பேன். இதுல என்னம்மா இருக்கு, இங்க எல்லாருக்கும் தெரியுமே."

"இதை மெஷின் செய்யறவங்ககிட்ட சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலியேம்மா. குரல் பதிவு மட்டும் குடுங்கன்னாங்க, குடுத்தோம்."

அடுத்து மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர். மரியாதையான பையன். "காற்றுச் சத்தமா மேடம்? கவலையே வேண்டாம், அதைத்தான் நாங்க முதல்ல சுத்தம் பண்ணிடறோம். மெஷின் படிக்கிற காப்பில ஒரு துளி இரைச்சல் இருக்காது" என்றார் பெருமையாக. நாங்கள் கேட்டது ஒரு பதிவு. இயந்திரம் கேட்கப் போவது இன்னொன்று. ஊர்ப் பெயரை அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வெட்டினார்கள், நோயாளியின் அந்தரங்கம் காக்க. காற்றையும் நல்லெண்ணத்தோடுதான் கழுவினார்கள். நானும் நல்லெண்ணத்தோடுதான் புள்ளி போட்டேன். கெட்ட எண்ணம் உள்ளவர் ஒருவர்கூட இல்லாத ஒரு வரிசையின் கடைசியில் அந்த மாமன் கஞ்சி குடிக்காமல் படுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மதியம் மேலாளர் அறை. ஒப்படைப்புப் படிவத்தில் என் கையெழுத்து மட்டும் பாக்கி.

"ஒரு அம்மா காத்துச் சத்தம் கேக்குதுன்னு சொன்னதுக்காக மொத்த பேட்சையும் நிறுத்தணுமா?"

"மொத்தத்தையும் வேண்டாம். அந்தக் காட்டோர ஊர்களிலேர்ந்து வர்ற அழைப்பை மட்டும் மெஷின் வரிசை போட வேண்டாம்னு எழுதிடலாம். நம்பரைப் பாத்து நேரா சிஸ்டருக்குப் போகட்டும்."

"அவங்க விக்கறதே வரிசை போடறதைத்தான். அதை நாமளே வேண்டாம்னு எழுதிக் குடுக்கறதா? இந்த வேலையோட அடுத்த கட்டம் நம்ம கையில இருக்காது, தெரியுமில்ல?"

தெரியும். எங்கள் அறையில் கேட்டுக்கொண்டிருந்த ஆறு பேரின் சம்பளமும் அந்த அடுத்த கட்டத்தில்தான் இருந்தது, மாதம்மாவின் சம்பளமும்தான். அதை யோசிக்காமல் வீரமாக நின்றேன் என்று எழுத ஆசைதான். கையிலிருந்த பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டேன். ஐந்தில் நான் சரியாக இருக்கலாம், இரண்டில் தவறாக இருக்கலாம் என்பதும் மனசில் ஓடியது. ஆனால் சிஸ்டர் ஆடு மேய்ப்பவனுக்காக டிரைவரை எழுப்பினால் டிரைவர் திட்டுவான். இயந்திரம் மாமனுக்குப் பச்சை போட்டால் மறுநாள் அவர் போனுக்கு ஆலோசனை போகும், அதுவும் மேடேறினால்தான் வந்து சேரும். இரண்டு தவறும் ஒரே எடை கிடையாது. பிழைப்புள்ளி போட்டபோது நான் இரண்டையும் ஒன்றாக நிறுத்திருந்தேன்.

படிவத்தின் கீழே அந்த நிபந்தனையைக் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த நிபந்தனையை அடித்தால் என் கையெழுத்தையும் சேர்த்து அடிக்க வேண்டும் என்று சொன்னேன். கூடவே, மூன்று பேரில் ஒருவர் மாறுபட்டால் பிழைப்புள்ளி போடாமல் மாறுபட்டவரிடம் காரணம் கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்று என் பழைய விதியை நானே கிழித்துப் புதிதாக எழுதினேன். மேலாளர் மென்பொருள் நிறுவனத்தாரிடம் பேசினார், அவர்கள் சிஸ்டரிடம் பேசினார்கள். சிஸ்டர் என்ன சொன்னாரோ, ஐந்து மணிக்கு நிபந்தனையோடு சரி என்று பதில் வந்தது.

மேலாளர் சொன்னதும் நடந்தது. மூன்று மாதம் பழைய பதிவுகளைக் காற்றோடு திரும்பக் கேட்டு, காரணங்கள் எழுதிக் கொடுத்தோம். அடுத்த கட்டம் வேறு ஊரில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது. நாங்கள் எழுதிய காரணங்களை அங்கே யாராவது திறந்து பார்த்தார்களா என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் முன்னால் இப்போது இருக்கும் திரையில் ஒருவர் பெயர் மட்டும் சிவப்பாகத் தெரியலாம். அவர் சோம்பேறியாக இருக்கலாம், கவனமில்லாதவராக இருக்கலாம், அப்படியும் உண்டு. போய் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேளுங்கள். அதைவிட முக்கியமாக, ஒருவர் பெயர் திடீரென்று பச்சையானால் கேளுங்கள். நான் தற்செயலாகத்தான் கேட்டேன். மனசில் அரிப்பு இருக்கிறவள் என்பதால் கேட்டேன். உங்கள் வேலை என் அரிப்பை நம்பி இருக்கக்கூடாது.

அடுத்த கட்டம் இல்லாததால் மாதம்மாவின் வேலையும் முடிந்தது. அவர் கணவருக்கு நஞ்சன்கூடு பக்கம் வேலை கிடைத்திருந்தது, அங்கே போகிறார்கள். கடைசி நாளன்று கிரண் அவருக்கு ஒரு பை நிறைய மைசூர்பாக் வாங்கி வந்திருந்தான். "ஊருக்குப் போறப்ப ஊர்க்காரங்களுக்குக் குடுங்க அக்கா, என் பேர் சொல்லுங்க. நான் பச்சை போட்ட எல்லாருக்கும் ஒண்ணொண்ணு" என்றான். "அப்ப இந்தப் பை பத்தாது தம்பி" என்றார் மாதம்மா.

நான் படி வரைக்கும் கூடவே இறங்கினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக வாக்கியம் கட்டி வைத்திருந்தேன். கீழே வந்ததும் அது ஒன்றும் வரவில்லை. "உங்களுக்கு வேலை போனதுக்கு நானும் ஒரு காரணம், மாதம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவர், முதல் முறையாக அக்கா என்றார்.

"விடுங்கக்கா. அன்னைக்கு நீங்க வந்து கேக்காம இருந்திருந்தா, நான் இன்னும் நல்ல மார்க்கு வாங்கிட்டேதானுங்க இருந்திருப்பேன்."